ஏழாவது பிளக்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலிலேயே நின்று கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துவிடுவார். பையின் உள்துணி பக்கத்துக்கு ஒன்றாக முயல் காதுபோலத் தொங்கும். அடுத்தது சட்டைப் பை. அதிலும் விரலை விட்டு மூலைவரை துழாவி, ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். பத்துப் பன்னிரண்டு வருடமாக மகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மழை கொட்டினாலும் சரி, உள்ளே விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தாலும் சரி, முயல் காது இல்லாமல் அவர் வீட்டுக்குள் வந்ததில்லை.

"தன்னைத்தானே சோதனை போட்டுக்கிற போலீசு உலகத்திலேயே இவரு ஒருத்தர்தான்" என்பாள் அம்மா.

துணி துவைக்கும் இயந்திரத்தில் நட்டு, போல்ட்டு விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது என்று வீட்டில் ஒரு விளக்கம் உலவியது. இயந்திரம் வாங்கியது மகள் கல்லூரிக்குப் போன பிறகு. பழக்கம் அதற்கும் ஆறேழு வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. இது ஏனோ யாருக்கும் உறைக்கவில்லை. கணக்கில் பட்டம் வாங்கிய மகளுக்கும்தான்.

பட்டறையில் அவருக்குப் பெயர் 'முழுசு'. யாராவது ஒரு வேலையை முக்கால்வாசி செய்துவிட்டு "இது போதும்" என்று கையைத் துடைத்தால் அவருக்கு ஆகாது. "முழுசா முடிச்சிட்டுத் துடை" என்பார். நான்கு திருகில் மூன்றை முடுக்கிவிட்டு நான்காவதை விடுகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். முதலில் கேலியாக வைத்த பெயர், பிறகு ஊருக்கே முகவரி ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள்கூடத் தெருமுனையில் நின்று "முழுசு பட்டறை எங்க?" என்றுதான் கேட்பார்கள்.

இரண்டு வண்டி நிற்கும் அளவுக்குத்தான் பட்டறை. வண்டியைத் தூக்க ஒரு லிஃப்ட், காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர், சுவர் முழுக்க ஸ்பேனர்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சுவரிலேயே வரைந்திருந்தார். எது காணவில்லை என்பதைச் சுவரே சொல்லிவிடும். அவருடைய மச்சான் பாதிப் பங்காளி. வாசலையொட்டிய கவுண்டரில் மகள். அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி உட்கார்ந்தவளுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. வண்டி எண்ணையும் கோளாறையும் அட்டையில் எழுதும்போதெல்லாம், இதற்கா மூன்று வருடம் படித்தோம் என்று ஒரு மனம் கேட்கும். இதற்கென்ன குறைச்சல் என்று இன்னொரு மனம் கேட்கும்.

அப்படி ஒரு காலையில்தான் பல் டாக்டர் அந்தப் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நீளமான பழைய வண்டி, எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு பிளக். தெருவில் திரும்பும்போதே சத்தம் சரியில்லை. ஏழு பேர் ஒழுங்காக நடக்க, எட்டாவது ஆள் நொண்டிக்கொண்டே பின்னால் வருவதுபோல் கேட்டது.

"மிஸ்ஸிங் அடிக்குது" என்றார் முழுசு, டாக்டர் இறங்குவதற்கு முன்பே. "ஒரு பிளக் பத்தவே இல்ல."

"மூணு மாசம் முன்னாடிதான் எட்டு பிளக்கும் மாத்தினேன். பில்லு வச்சிருக்கேன்" என்றார் டாக்டர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கையில் நிஜமாகவே பில் இருந்தது.

"பில்லு வண்டிய ஓட்டாது டாக்டரம்மா, பிளக்குதான் ஓட்டணும்."

"இன்னிக்கு நாலு மணிக்குத் தகுதிச் சோதனை. புகை சரியில்லன்னா தள்ளிடுவாங்க. அதுக்கப்புறம் ரோட்டுல எடுக்க முடியாது. இது எங்கப்பா வச்சிட்டுப் போன வண்டி. அவரு வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான்."

மச்சான் பானெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். பார்த்த வேகத்திலேயே நிமிர்ந்தார். "ஹெட்டர் போட்ட வண்டி மச்சான்."

ஹெட்டர் என்பது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்க் கொத்து. கம்பெனி பொருத்தித் தருவது குட்டையாக, அடக்கமாக ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். வேகத்துக்காகவும் சத்தத்துக்காகவும் தனியாக வாங்கி மாட்டுகிற ஹெட்டருக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. பிளக்குகளின் முகத்துக்கு நேராக, பெட்டிபோன்ற அறையில் பத்துப் பேர் படுத்த மாதிரி, குழாய்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். கை போகும் இடத்தில் ஸ்பேனர் போகாது. ஸ்பேனர் போனால் திரும்பாது.

"ரெண்டு நாள் ஆகும்" என்றார் மச்சான். "ஹெட்டரை இறக்கணும். போல்ட்டுல நாலாச்சும் உடையும். நாலு மணியெல்லாம் கனவுல கூட வேணாம்."

முழுசு ஓட்டுநர் பக்கத்தில் எஞ்சினின் பின் மூலைக்குப் போய்க் குனிந்து, கையை மட்டும் உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு எதையோ தடவினார். இடது கைக்காரர். அந்த மூலைக்கு இடது கைதான் தோது.

"ஹெட்டரைத் தொடமாட்டேன். மூணு மணிக்கு எட்டும் மாத்தி வண்டி வெளிய நிக்கும். இல்லன்னா நாளையிலேருந்து என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

"என்ன பேரு?" என்றார் மச்சான்.

"அரைகுறைன்னு கூப்பிடு."

டாக்டர் சிரித்துவிட்டார். மருத்துவமனைக்கு அன்று விடுமுறை சொல்லியிருந்ததால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டார்.

முதல் ஒரு மணி நேரம் முழுசு ஒன்றும் செய்யவில்லை. எஞ்சின் ஆறவேண்டும். சூட்டோடு திருகினால் அலுமினியத்தில் உள்ள மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் புது பிளக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முனையிலும் தகடு விட்டு இடைவெளி சரிபார்த்தார். ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கர வளைவின் உள்மறைப்பையும் எடுத்துவிட்டார். அங்கே வழி தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பூட்டிய வீடு, பக்கவாட்டில் பார்த்தால் ஜன்னல் திறந்திருக்கிறது.

பத்தரைக்கு ஆரம்பித்தார். ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கை மூடியிருந்த தொப்பியைப் பிடித்துத் திருகி எடுத்தார். காற்றடித்துக் குழிகளில் இருந்த மண்ணை வெளியேற்றினார். வளைந்துகொடுக்கும் இணைப்பும் பிளக்கின் தலையைக் கவ்வும் குட்டை சாக்கெட்டும் மாட்டி, முதலில் மறுபக்கத்து நான்கையும் முக்கால் மணி நேரத்தில் மாற்றினார். கழற்றியவை எல்லாமே புதுசு. முனை இன்னும் பளபளத்தது.

"பாருங்க, புதுசு" என்றார் டாக்டர். "நான் சொன்னேன்ல?"

"பொறுங்க. வாயை முழுசாத் திறந்து பாத்தாத்தானே சொத்தைப் பல்லு தெரியும்?"

ஓட்டுநர் பக்கத்தில் முதல் மூன்றும் வந்தன. அவையும் புதுசு. மொத்தம் ஏழு. மீதி இருந்தது பின் மூலையில் ஒன்று, எஞ்சின் எண் வரிசையில் அது ஏழாம் சிலிண்டர். ஒரு பக்கம் ஸ்டியரிங் தண்டு, மறுபக்கம் இரண்டு குழாய், மேலே பிரேக் குழாய். மச்சான் விளக்கைப் பிடித்தார். வெளிச்சம் போனது, பார்வை போகவில்லை.

டாக்டர் எழுந்து தன் கைப்பையைத் திறந்தார். உள்ளிருந்து, நீளக் காம்பில் வட்டமாக ஒட்டிய சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். "கடைவாய்ப் பல்லுக்கு இதுதான். புதுசு, யார் வாயிலயும் போகல."

முழுசு அதை வாங்கி, குழாய்களுக்கு நடுவே விட்டுத் திருப்பினார். கண்ணாடியில் ஒரு துரு உருண்டை தெரிந்தது.

"மாட்டிக்கிட்டான்!" என்று கத்தினார். பட்டறையே அதிர்ந்தது. "டாக்டரம்மா, வந்து பாருங்க. மத்த ஏழும் புதுசு, இது மட்டும் உங்கப்பா காலத்துது. கை போகலன்னு விட்டுட்டான். விட்டுட்டு எட்டுன்னு எழுதியிருக்கான்! இவனெல்லாம் ஸ்பேனர் பிடிக்கலாமா? போய் முறுக்கு பிழியச் சொல்லுங்க."

"முறுக்கும் முழுசா வராது மச்சான். ஏழு சுத்து சுத்திட்டு விட்டுருவான்" என்றார் மச்சான்.

"வேலை வரலன்னா வரலன்னு சொல்லணும். அதுல என்ன கௌரவக் குறைச்சல்? செய்யாததச் செஞ்சேன்னு சொல்றான் பாரு, அவன் முகத்தை ஒரு தடவை பாக்கணும் எனக்கு."

கவுண்டரில் இருந்த மகள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அப்பா இப்படி முழங்கும்போது அவளுக்குப் பிடிக்கும். தனக்கு எதிலும் வராத உறுதி அவருக்கு எல்லாவற்றிலும் இருப்பதைப் பார்ப்பதே ஒரு தெம்பு.

முழுசு மல்லாந்து படுத்து, சக்கர வளைவு வழியாக இடது கையை முழங்கைவரை உள்ளே செலுத்தினார். அந்தப் பிளக்கின் தொப்பிமேல் சூடு தாங்கும் உறை ஒன்று போட்டிருந்தது. ஹெட்டரின் அனலில் ஒயர் கருகாமலிருக்க அப்படிப் போடுவார்கள். மற்ற ஏழிலும் அது இல்லை. உறையைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தது. அதை நெம்பி, உருவி, தொப்பியோடு வெளியே எடுத்து, தலைக்கு மேல் நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டார்.

கருகிப்போன உறை. மேலே செப்புக் கம்பி, நெருக்கமாக மூன்று சுற்று. கம்பியின் நுனி குத்தாமலிருக்க மடித்து, சுற்றுகளுக்கு அடியிலேயே செருகியிருந்தது.

"அட, இது உன் கட்டு மாதிரியே இருக்கே மச்சான்" என்றார் அவர், விளையாட்டாக. "அதே செருகல்."

மகளும் பார்த்தாள். வீட்டில் குடைப் பிடி உடைந்தபோது, கரண்டிக் காம்பு ஆடியபோது, அவளுடைய பள்ளிப் பையின் வார் அறுந்தபோது, எல்லாவற்றிலும் அப்பா போட்டது இந்தக் கட்டுதான். மற்றவர்கள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும் இடது கைக் கட்டு.

முழுசு வண்டிக்கு அடியிலிருந்து மெல்ல நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இந்த வண்டி முன்னாடி வெள்ளையா இருந்துச்சா?"

"ஆமா. அப்பா வாங்கினப்ப வெள்ளை. அவருதான் பச்சையடிச்சாரு. எப்படித் தெரியும்?"

அவர் ஒன்றும் தெரியாததுபோல் உறையைக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கலாம். டாக்டருக்குக் கட்டும் தெரியாது, கம்பியும் தெரியாது. மச்சான் சொன்னதை யாரும் வேடிக்கைக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மகள் அந்த நொடியில் வேண்டிக்கொண்டது அதைத்தான். போட்டுவிடுங்கள் அப்பா.

"அந்த முகத்தைப் பாக்கணும்னு சொன்னேன்ல?" என்றார் முழுசு. "பாத்துக்கங்க. இதுதான்."

டாக்டருக்குப் புரியவில்லை.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு பட்டறையில இருந்தேன். அப்ப இந்த வண்டிய வச்சிருந்தவரு புதுசா ஹெட்டர் மாட்டி எடுத்துட்டு வந்தாரு. எட்டு பிளக்கும் மாத்தச் சொன்னாங்க. ஏழு மாத்தினேன். இது அசையல. மேல உறைய மட்டும் போட்டு, கம்பியக் கட்டி மூடிட்டு, எட்டுன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு மூணு மாசம் முன்னாடி பில்லுப் போட்டவன் எனக்குச் சீடன் மாதிரி. நான்தான் குரு."

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். "அப்பா வாங்கின பிறகு மூணு தடவ பிளக் மாத்தியிருக்கோம். மூணு இடத்துல."

"அப்ப மொத்தம் நாலு பேரு" என்றார் மச்சான். "சங்கமே வைக்கலாம்."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். "எங்க தொழில்லயும் உண்டு. வேரு ஒரு துண்டு உள்ள நின்னுடும். நோயாளிகிட்ட சொல்றவங்களும் இருக்காங்க, சொல்லாதவங்களும் இருக்காங்க. இப்ப எடுத்துருவீங்கல்ல?"

"எடுக்காம எந்திரிக்கமாட்டேன்."

எடுத்தார். ஆனால் ஒரு மணி நேரம் ஆயிற்று. துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தார். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் மரக்கட்டை கொடுத்து, ஜாக்கால் இரண்டு விரல் உயரம் தூக்கினார். அந்த இரண்டு விரலில் வழி கிடைத்தது. சாக்கெட் நீளம் இடித்ததால், அதன் பாதியை அறுத்து எறிந்துவிட்டு, மீதியின் தலையில் தட்டை ஸ்பேனரை மாட்டினார். கால் வட்டத்தில் பாதிகூடத் திரும்பாது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. மறுபடி எண்ணெய், மறுபடி கொஞ்சம். பிளக் உடைந்து பாதி உள்ளே நின்றுவிட்டால் எஞ்சினின் தலையையே இறக்க வேண்டும். மூன்று மணி போய் மூன்று வாரம் ஆகிவிடும். அவர் நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் இறங்கியது. வாய் மட்டும் ஓயவில்லை. "வாடா ராசா. பன்னெண்டு வருஷம் இருந்துட்ட. போதும், வா" என்று பிளக்கிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

'கிர்ர்' என்று ஒரு சத்தம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"வருது" என்றார் முழுசு.

வந்த பிளக்கின் முனை தேய்ந்து கரைந்து, பொரிந்த கரிபோல் இருந்தது. மரைக்குச் சேதமில்லை. புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர்க் குழாயைச் செருகி, குழாயை மட்டும் வெளியிலிருந்து விரலால் உருட்டினார். மரை தவறிப் பிடித்தால் ரப்பர் வழுக்கும், சரியாகப் பிடித்தால் சுழலும். சுழன்றது. பிறகு ஸ்பேனர். வளையம் நசுங்கி உட்காருவதைக் கை சொல்லியதும் நிறுத்தினார்.

எஞ்சினை இறக்கி, போல்ட்டுகளை முடுக்கி, சக்கரத்தை மாட்டி, சாவியைத் திருப்பியபோது மணி இரண்டு ஐம்பது. எட்டுப் பேரும் ஒரே தாளத்தில் நடந்தார்கள். டாக்டர் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவர் கண் கலங்கியதை யாரும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்கள். சோதனை நிலையத்துக்குத் துணையாக மச்சானும் ஏறிக்கொண்டார்.

வண்டி போன பிறகுதான் முழுசு கை கழுவினார். சோப்புத்தூளைப் போட்டு முழங்கைவரை தேய்த்துவிட்டு, கழற்றிப் போட்ட பழைய டயர்மேல் உட்கார்ந்தார். ஜெயித்த ஆள் மாதிரி உட்காரவில்லை.

"அதான் சொல்லிட்டீங்களேப்பா. டாக்டரும் ஒண்ணும் நெனச்சுக்கல" என்றாள் மகள்.

"அவங்ககிட்ட சொல்றது சுலபம்மா. அது பிளக்கு. கழட்டி மாட்டிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பட்டறையில என்கூட ஒருத்தன் இருந்தான். ஒல்லின்னு கூப்பிடுவோம். எனக்கு முன்னாடி சேந்தவன். அடுத்த பெரிய மெக்கானிக் அவன்தான்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு என் வேலைச் சட்டை எண்ணெயில ஊறிப் போச்சுன்னு அவன் சட்டைய மாட்டிக்கிட்டேன். ஏழு மாத்திட்டேன், ஒரு புதுப் பிளக்கு மிச்சம். அந்தச் சட்டைப் பையிலயே போட்டேன். அப்புறம் எங்கயாவது வைக்கலாம்னு. மறந்துட்டேன். சட்டைய அவன் ஆணியிலயே மாட்டிட்டுப் போயிட்டேன்."

மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஸ்டோர்ல சாமான் காணாமப் போயிட்டே இருந்துச்சு. மறுநாள் காலையில ஸ்டோர்காரரு எல்லார் சட்டையையும் சோதனை போட்டாரு. ஒல்லி பையில பெட்டி பிரிக்காத புதுப் பிளக்கு. முதலாளி ஒரு வார்த்த கேக்கல. எல்லார் முன்னாடியும் போடான்னுட்டாரு. நான் வாயத் திறந்திருக்கணும். திறந்தா, ஏழு மாத்திட்டு எட்டுன்னு சொன்னது வெளிய வரும். வண்டி அதுக்குள்ள போயிடுச்சு. நின்னேன். சும்மா நின்னேன்."

மகளின் பார்வை அவருடைய கால்சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. அவர் அதைக் கவனித்தார்.

"அப்புறம் யாரு பெரிய மெக்கானிக் ஆனாங்க?" என்று கேட்டாள். பதில் தெரிந்துதான் கேட்டாள். அந்த வருடம்தான் அவளைத் தெருமுனைப் பள்ளியிலிருந்து எடுத்துப் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்துதான் கல்லூரி, அங்கிருந்துதான் பட்டம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய அந்தத் தாள் எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

"ஏன்ப்பா இத்தன வருஷமா சொல்லல?"

"மொத நாளே சொல்லியிருந்தா அது ஒரு வார்த்த. ஒரு வாரம் கழிச்சுன்னா, ஏன் ஒரு வாரமா சொல்லலன்னும் சேத்துச் சொல்லணும். இப்ப அது ஒரு பெரிய கதையாயிடுச்சு. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." எழுந்து, கையை உதறினார். பழைய குரல் திரும்பியிருந்தது. "ஆனா ஆரம்பிப்பேன். ஞாயித்துக்கிழமை போறோம். நீயும் வா. நீ இருந்தா நான் பின்வாங்க முடியாது."

ஒல்லி வேலை பார்ப்பது ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய சலவை நிலையத்தில். மருத்துவமனைப் போர்வைகளும் விடுதித் துண்டுகளும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஆளுயர உருளைகள் சுழன்றுகொண்டிருக்க, பின்கட்டில் ஒரு கொதிகலன். அதன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நீராவியை ஏற்றி இறக்குவதுதான் ஒல்லியின் வேலை. வழியெல்லாம் முழுசு உதட்டுக்குள்ளேயே எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு ஒல்லி என்ற பெயர் துளியும் பொருந்தவில்லை. தொப்பை முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

"டேய், முழுசு! உயிரோடதான் இருக்கியா?"

"நீ என்னடா இப்படி ஊதிட்ட? பேர மாத்துடா முதல்ல."

"நீராவிடா. பத்து வருஷமா சுவாசிக்கிறேன், ஊதாம என்ன பண்ணும்? இது யாரு, உன் பொண்ணா? அம்மாடி, அப்ப இத்தனூண்டு. உக்காரும்மா. அந்த மூட்டைமேல உக்காரு, எல்லாம் துவைச்சதுதான்."

வெள்ளைப் போர்வை மூட்டைகளின்மேல் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். அறை இளஞ்சூடாக, சோப்பு வாசனையோடு இருந்தது. ஒல்லி குடுவையிலிருந்து டீயை ஊற்றி, மூடியை மகளிடமும் தம்ளரை நண்பனிடமும் கொடுத்தார். பேச்சு மூட்டுவலி, பிள்ளைகள் என்று சுற்றி வந்தது. அப்பா டீயைத் தொடவில்லை என்பதை மகள் கவனித்தாள்.

"ஒல்லி, அந்த வெள்ளை வண்டி ஞாபகம் இருக்கா?" என்றார் முழுசு.

மகள் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்க முடியுமாடா?" ஒல்லியின் முகம் மாறியது, ஆனால் கசக்கவில்லை. அவர் மகள் பக்கம் திரும்பினார். "உங்கப்பா சொல்லியிருக்கானாம்மா? சொல்லமாட்டான், அவன் குணம் அது. அது வந்துட்டுப் போன மறுநாள் என்னைத் திருடன்னு சொல்லி நிக்க வச்சாங்க. பதினாலு பேரு சுத்தி. ஒருத்தன் சிரிச்சான், ஒருத்தன் எனக்கு அப்பவே தெரியும்னான். உங்கப்பா மட்டும்தாம்மா ஒரு வார்த்த பேசல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். கண்ணுல தண்ணி. எனக்காக வெக்கப்பட்டவன் அங்க இவன் ஒருத்தன்தான். அதுக்கப்புறம் எந்தப் பட்டறையும் என்னைச் சேக்கல. ரெண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். அப்பல்லாம் மனசு விட்டுப் போகும்போது இவனத்தான் நெனச்சுப்பேன். ஒருத்தனாவது நம்மள நம்பினானேன்னு."

"ஒல்லி..." என்றார் முழுசு.

"நீ சும்மா இருடா. பொண்ணுக்குத் தெரியட்டும்." ஒல்லி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "அந்தப் பிளக்க என் பையில போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். ஸ்டோர்காரன்தான். வேற யாரு? அவன்தான் திருடிட்டு இருந்தான், என் தலையில கட்டிட்டான். அவன் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து பத்திரிகை வச்சான். வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். என் மூஞ்சியில முழிக்காதன்னு சொன்னேன். அழுதுட்டான்டா. நல்லா அழட்டும்."

அப்பாவின் வாய் திறந்திருந்தது. உள்ளே வார்த்தை இருந்ததை மகள் பார்த்தாள், அல்லது பார்த்ததாக நினைத்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த முதல் வரி. அதே நேரத்தில் கொதிகலன் சீறியது. ஒல்லி எழுந்து ஓடி, ஒரு சக்கரத்தைத் திருகி, முள் இறங்கும்வரை நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. அந்த வண்டி போன வாரம் என்கிட்ட வந்துச்சு. அதான்."

"ஓடுதா இன்னும்?"

"நல்லா ஓடுது."

வாசல்வரை வந்து வழியனுப்பினார் ஒல்லி. "படிச்சிட்டியாமே அம்மா, நல்லா இரு" என்று மகள் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் வெகுநேரம் போகவில்லை.

வண்டியில் ஏறிச் சாவியைப் போட்ட பிறகும் முழுசு திருப்பவில்லை.

"சொல்லலையேப்பா."

"எப்படிச் சொல்றது? அவன்கிட்ட மிச்சமிருக்கிறதே அது ஒண்ணுதான்ங்கறான்."

"அந்த ஸ்டோர்காரரு?"

அவர் வண்டியின் முன்கண்ணாடியை உள்ளிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

"நான் இறங்கிப் போய்ச் சொல்லவா?" என்று கேட்டாள். கேட்டபோதே, அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றும் உள்ளுக்குள் விரும்பினாள். அதை நினைத்து இன்றுவரை தன்மேலேயே அவளுக்கு ஒரு கோபம்.

"வேணாம். அது என் வேலை. நானே செய்யறேன்."

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. பச்சை வண்டி சோதனையில் தேறிவிட்டது. டாக்டர் சொல்லி, ஹெட்டர் போட்ட வண்டிகள் நாலைந்து பட்டறையைத் தேடி வந்தன. ஒன்றில்கூட முழுசு ஹெட்டரைக் கழற்றவில்லை, ஒரு பிளக்கைக்கூட விடவில்லை. சுவரில் இப்போது ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு பல் டாக்டரின் கண்ணாடியும் தொங்குகிறது, அதன் உருவமும் பின்னால் வரைந்திருக்கிறது. வேலை என்று வந்துவிட்டால் அவர் குரல் பழையபடிதான் முழங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் சிறிது நேரம் நிற்கிறார், பிறகு வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்ததாகச் சொல்லி உள்ளே வந்துவிடுகிறார்.

நேற்று மச்சான் கடைத்தெருவில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அந்த ஸ்டோர்காரருடைய இரண்டாவது பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம். பழைய பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறாராம், ஒல்லி ஒருவரைத் தவிர.